இல்லாத கோழிப்பண்ணை

தெய்வேந்திரன் வந்து நின்ற நிற்பைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, மனுஷன் ஏதோ பொய்க்கு ஆசீர்வாதம் வாங்க வந்திருக்கிறார் என்று. ஆசிரமத்தில் சமையல் என் பொறுப்பு. வருகிறவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் நான் உலையில் அரிசியே போடுவேன். அதனால் இதெல்லாம் எனக்கு அத்துப்படி.

சாமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தெய்வேந்திரனைவிட நாலைந்து வயது இளையவர்தான். ஆனாலும் தெய்வேந்திரனுக்குக் குரு என்றால் அவர்தான், வேறு ஆள் கிடையாது.

“புதன்கிழமை இன்டர்வியூ சாமி. வேடசந்தூர்ப் பக்கம் ஒரு மில்லு. ஷிப்ட் சூப்பர்வைசர் வேலை.”

“நல்லது.”

“நல்லதுதான். ஆனா எங்க போனாலும் ஒரே கேள்வியில மாட்டிக்கிறேன். மூணு வருஷம் எங்கயும் வேலை பார்க்கலையே, என்ன பண்ணிட்டிருந்தீங்கன்னு கேக்கறாங்க. எனக்கு வயசு நாற்பத்தஞ்சு ஆச்சு. இதுவும் போச்சுன்னா இனி எவன் கூப்பிடுவான்?”

“என்ன பண்ணிட்டிருந்தீங்க?”

“உங்களுக்குத் தெரியாததா சாமி?”

எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவர் மனைவி சுகந்திக்குத் திடீரென்று பக்கவாதம் வந்தது. வலது கை, கால் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. இனிமேல் பேச்சு திரும்புவது கஷ்டம் என்று டாக்டர் சொன்னதும், தெய்வேந்திரன் மில் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டோடு இருந்துவிட்டார்.

“இந்தத் தடவை பதில் தயார் சாமி. மச்சினன் சொல்லிக் கொடுத்தான். கோழிப்பண்ணை வெச்சிருந்தேன், நஷ்டமாயிடுச்சு, மூணு வருஷம் வீணாப் போச்சுன்னு சொல்லப்போறேன். நீங்க ஆசீர்வாதம் பண்ணணும்.”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கோழியைக் கண்டாலே நாலடி தள்ளி நிற்கிற ஆள் அவர்.

சாமி சிரிக்கவில்லை. “நாளைக்கு வீட்டம்மாவைக் கூட்டிக்கிட்டு வாங்க. அவங்க முன்னாடி ஒரு தடவை சொல்லிப் பார்த்துடலாம்.”

தெய்வேந்திரன் முகம் சுருங்கிவிட்டது. “அவளுக்கு இந்த விஷயமே தெரியாது சாமி. தன்னாலதான் எனக்கு வேலை அமையலைன்னு தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவா.”

“கூட்டிக்கிட்டு வாங்க.”

மறுநாள் சுகந்தி ஆட்டோவிலிருந்து தானே இறங்கி, குச்சியை ஊன்றி நடந்து வந்தார். சாமி அவரை நாற்காலியில் உட்கார வைத்தார். எதிரே தெய்வேந்திரனுக்கு ஒரு முக்காலியைப் போட்டார்.

“அம்மா, இப்ப நீங்கதான் மில் ஆபீசர். இவர் வேலை கேட்டு வந்திருக்கார். மூணு வருஷமா எங்கயும் வேலை பார்க்கலை. என்ன பண்ணிட்டிருந்தீங்கன்னு கேளுங்க.”

சுகந்திக்கு உற்சாகம் தாங்கவில்லை. முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்துக் கேட்டார்.

“மூணு... வருஷம்... என்ன... பண்ணீங்க?”

“கோழிப்பண்ணை வெச்சிருந்தேன் மேடம்.”

“கோழியா!” அது மட்டும் பளிச்சென்று வந்து விழுந்தது. சிரித்து முடிக்கவே அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. “லாபமா?”

“இல்ல மேடம். நஷ்டம்தான். மூணு வருஷம்...”

அதோடு நின்றுவிட்டார். வீணாப் போச்சு என்கிற வார்த்தைதான் பாக்கி. மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

கணவருக்கு வார்த்தை மறந்துவிட்டது என்று சுகந்தி நினைத்துக்கொண்டார்.

“மெதுவா... சொல்லுங்க. அவசரமே... இல்ல.”

தினமும் பேச்சுப் பயிற்சியின்போது தெய்வேந்திரன் அவரிடம் சொல்கிற வார்த்தை அது. அவ்வளவுதான், மனுஷன் முக்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

“பொய் சாமி. கோழியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. இவளுக்குப் பேசக் கத்துக் கொடுத்தேன். முதமுதல்ல என்ன சொன்னா தெரியுமா? ‘போ’ன்னா! என் பொண்டாட்டி என்னைப் போன்னு சொல்லிட்டான்னு தெருவெல்லாம் ஓடி ஓடிச் சொன்னேன். அந்த சந்தோஷம் எவனுக்குக் கிடைக்கும்? கடவுள் இவளை எனக்குத் திருப்பிக் கொடுத்திருக்கான். அதைப் போய் வீண்னு சொல்லப் பார்த்தேனே!”

சுகந்திக்கு இப்போதுதான் எல்லாம் புரிந்தது. “என்னாலயா... வேலை... கிடைக்கல?”

“உன்னால எனக்கு எதுவும் கெட்டுப் போகலம்மா. உன்னாலதான் நான் நல்லா இருக்கேன்.”

சுகந்தி இடது கையால் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “வேலை... உங்களுக்குத்தான்” என்றார். ஆபீசர் ஆயிற்றே, பாதியில் விட்டுவிட முடியுமா? எனக்கும் அழுகை வந்தது. வந்ததை வந்தது என்றுதானே சொல்ல வேண்டும்.

தெய்வேந்திரன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“நாளைக்கு உண்மையைத்தான் சொல்லப்போறேன் சாமி. ஆனா ஒண்ணு. முதல்ல போன இடத்துலயும் உண்மையைத்தான் சொன்னேன். அங்க இருந்த ஒருத்தர், ‘ஏங்க, உங்க வீட்ல பொம்பளை ஆளே இல்லையா?’ன்னு கேட்டார். எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போச்சு. நாளைக்கும் அப்படிக் கேட்டா நான் என்ன சொல்றது?”

சாமி சுகந்தியைப் பார்த்துக் கைகூப்பினார். பிறகு தெய்வேந்திரன் பக்கம் திரும்பினார்.

“‘இருக்காங்க சார். இருக்க வைக்கத்தான் மூணு வருஷம் ஆச்சு’ன்னு சொல்லுங்க.”