தலைவர் வாங்கிய பனி இயந்திரம்

கனடாவில் ஒரு கோயில். அதன் கார் நிறுத்துமிடத்தில் விழும் பனியை அகற்றுவது தவமலரின் வேலை. கோயிலின் சின்ன டிராக்டருக்கு முன்னால் பூட்ட பனியை அள்ளி எறியும் இயந்திரம் ஒன்று தேவைப்பட்டது.

“இரட்டைக்கட்டம் வாங்குங்கோ ஐயா. அது ரெண்டு கட்டமா வேலை செய்யும்: முன்னால சுழலுற திருகு பனியை அள்ளும், பின்னால இருக்கிற விசிறி தூர எறியும். ஒற்றைக்கட்டத்தில அந்தத் திருகே ரெண்டையும் செய்யவேணும். ஈரப்பனிக்கு அது ஏலாது,” என்றாள் அவள்.

கோயில் தலைவர் இராசநாயகம் சிரித்தார். “உமக்கு என்ன தெரியும்? ஒற்றைக்கட்டமே இருபது அடி எறியும். எறியாட்டி அது உம்மட பிழை. வேலையும் போகும்.”

ஒற்றைக்கட்டமே வந்தது. முதல் ஈரப்பனி விழுந்த அன்று கோயில் நிர்வாக சபையார் வேடிக்கை பார்க்கக் கூடினார்கள்.

“ஐயா, இருபது அடிதானே? உங்கட புதுக் காரைப் பத்தடியில விடுங்கோ. பனி அதுக்கு மேலால பறக்கிறதை எல்லாரும் பார்க்கட்டும்,” என்றாள் தவமலர்.

மறுத்தால் மானம் போகும். தலைவர் காரைக் கொண்டுவந்து விட்டார். பனி சரியாகப் பத்தடி பறந்து, காரின்மேல் சொத்துச் சொத்தென்று விழுந்தது. கண்ணாடி மறையும்வரை தவமலர் டிராக்டரை நிறுத்தவில்லை.

பிறகு இறங்கிவந்து, பனி அள்ளும் சவள் ஒன்றை அவர் கையில் கொடுத்தாள்.

“முதல் கட்டம் முடிஞ்சுது ஐயா. ரெண்டாம் கட்டம் நீங்கள்தான்.”

சபையார் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். செயலாளர் அங்கேயே நின்று கடைக்குப் போன் எடுத்து, இரட்டைக்கட்டம் இருக்கிறதா என்று கேட்டார். தலைவர் குனிந்து அள்ளிக்கொண்டிருந்தார்.