மூக்கும் உதடும்

"ஒண்ணும் நடக்கலை அம்மா," என்று சொல்லிக்கொண்டேதான் உள்ளே வந்தாள் சொர்ணத்தாய்.

அம்மா என்று அவள் கூப்பிட்டது தெய்வானையை. சொர்ணத்தாயைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள். இருந்தாலென்ன, அந்த மலையடிவாரத்துப் பேறுகாலக் குடிலில் பிரசவம் பார்க்கச் சொல்லிக்கொடுப்பவள் தெய்வானை. கற்றுக்கொள்ள வந்தவள் சொர்ணத்தாய்.

நாலு பெற்றவளுக்கு இதில் படிக்க என்ன கிடக்கிறது என்று ஊரே சிரித்தது. வந்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது, பெறுவது வேறு, பேறு பார்ப்பது வேறு என்று.

தெய்வானை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"யாருக்கு ஒண்ணும் நடக்கலை?"

"பேச்சிக்குத்தான். மாசம் நிறைஞ்சாச்சு. முந்தாநாள் கையைக் கழுவிட்டுப் பார்த்தேன், கர்ப்பப்பை வாய் மூடியிருந்துச்சு. இன்னைக்கும் பார்த்தேன். ஒரு விரல் நுழைய இடமில்லை. ஒண்ணுமில்லைடின்னு சொல்லிட்டேன்."

"அவ என்ன சொன்னா?"

"சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. கல்லு வயிறுன்னு அவ மாமியார் ஏற்கெனவே சொல்லி வெச்சிருக்கா. என் உடம்புக்குப் பிள்ளை பெறத் தெரியலை சித்தின்னு ஒரே அழுகை. எனக்கு மனசே ஆறலை."

சொர்ணத்தாய் மடியிலிருந்து ஒரு குப்பியை எடுத்தாள்.

"விளக்கெண்ணெய். வலி வர ஒரு மடக்குக் கொடுத்துப் பார்ப்போமா?"

தெய்வானை குப்பியை வாங்கினாள். காலை நீட்டினாள். வெடித்துக் கிடந்த குதிகாலில் தாராளமாகத் தேய்த்துக்கொண்டாள்.

"நல்ல எண்ணெய், அக்கா. வேற என்ன?"

சொர்ணத்தாய்க்குச் சுருக்கென்று கோபம் வந்தது. குருவாவது ஒன்றாவது.

"அங்க ஒருத்தி அழுதுக்கிட்டுக் கிடக்கா. அந்தப் பாழாப்போனது பிடிவாதமா மூடிக்கிட்டுக் கிடக்கு. உங்களுக்குக் குதிகால் பெருசாப் போச்சு."

"இத்தனை மாசமும் அது என்ன செஞ்சுச்சு?"

"மூடித்தான் கிடந்துச்சு."

"மூடாட்டி?"

"பிள்ளை தங்கியிருக்காது."

"அப்போ அதைத் திட்டாதீங்க."

சொர்ணத்தாய் உட்கார்ந்தாள்.

"மூக்கு நுனியை அமுக்குங்க," என்றாள் தெய்வானை.

"எதை?"

"உங்க மூக்கைத்தான்."

கேலி செய்கிறாளோ என்று ஒரு சந்தேகம். சொன்னதைச் செய்யாமலும் இருக்க முடியவில்லை. அமுக்கினாள்.

"எப்படி இருக்கு?"

"மூக்கு மாதிரி இருக்கு."

"கெட்டியாவா, மெத்துன்னா?"

"கெட்டியா."

"இப்போ உதட்டை."

அமுக்கினாள். மெத்தென்றிருந்தது.

"முந்தாநாள் பேச்சிக்குப் பார்த்தீங்களே. விரல்ல பட்டது இதுல எது?"

சொர்ணத்தாய் கண்ணை மூடி யோசித்தாள். விரல் தானாக மூக்குக்குப் போனது.

"இன்னைக்கு?"

விரல் மெல்ல இறங்கியது. உதட்டுக்கு வந்து அங்கேயே நின்றுவிட்டது.

தெய்வானை மறுபடி கீரையை எடுத்துக்கொண்டாள்.

"அடி ஆத்தி," என்றாள் சொர்ணத்தாய். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"அக்கா, உங்க குப்பி."

"குதிகாலுக்கே வெச்சுக்கங்க."

பேச்சி தன் வீட்டில் இன்னும் சுவரைப் பார்த்தே படுத்திருந்தாள். சொர்ணத்தாய் மூச்சு வாங்க அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் விரலைப் பிடித்து அவள் மூக்கிலேயே வைத்து அமுக்கினாள். பிறகு உதட்டில் வைத்து அமுக்கினாள்.

"முந்தாநாள் உன் கர்ப்பப்பை வாய் மூக்கு மாதிரி கெட்டியா இருந்துச்சு. இன்னைக்கு இப்படி இளகியிருக்கு. இளகின பிறகுதாண்டி திறக்கும். நான்தான் திறந்திருக்கா, திறந்திருக்கான்னு மட்டும் பார்த்துட்டு உன்கிட்ட உளறிட்டேன்."

பேச்சி எழுந்து உட்கார்ந்தாள். மூக்கைத் தொட்டாள், உதட்டைத் தொட்டாள். மறுபடியும் மூக்கு, மறுபடியும் உதடு. கன்னத்தில் ஈரம் காயவில்லை, அதற்குள் சிரிப்பு வந்துவிட்டது.

"இதெல்லாம் எப்போ சித்தி ஆச்சு?"

"நீ அழுதுக்கிட்டும் நான் புலம்பிக்கிட்டும் இருந்தோமே, அப்போதான்."