குட்டிக்கு நாற்பது கை

ஏரிக்கரைப் புளியமரங்களில் ஒரு மந்திக் கூட்டம் வாழ்ந்தது. பெண் மந்திகள் இருபது பேர். அவர்களுக்குத் தலைவன் வெண்புருவன் என்ற கடுவன்.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. குட்டி பிறந்த அன்றே எல்லாப் பெண்களும் அதை மடியில் வாங்கிக் கொஞ்சுவார்கள். பிறகும் அது மடிவிட்டு மடி போய்க்கொண்டே இருக்கும். பசித்து அழுதால்தான் தாயிடம் வரும்.

குறுவாலிக்கு முதல் குட்டி பிறந்தது. கைகள் நீண்டன.

"மூக்கைப் பாரு, அப்பன் மூக்கு."

"காது மட்டும் நம்ம பக்கம்."

குட்டி கிளைகிளையாய்ப் போனது. குறுவாலி அடிமரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முதுகு முடி சடைபிடித்துக் கிடந்தது. மந்திகளுக்குப் பேன் பார்ப்பதுதான் அன்பு, அதுதான் மருந்து, அதுதான் நலம் விசாரிப்பு. அன்று அவளுக்குப் பேன் பார்க்க ஒருத்தியும் வரவில்லை. பெற்றவளுக்கு என்ன குறை என்று நினைத்துவிட்டார்கள்.

ஆறு நாள் போயிற்று. குறுவாலிக்குத் தூக்கம் இல்லை. குட்டி அடுத்தவள் மடியில் தூங்கும்போதும் இவள் கண் மூடாது. கொழுந்து இலை வாயில் மண்ணாக இருந்தது. காரணமில்லாமல் கண்ணீர் வந்தது.

அதைவிட மோசமான ஒன்றும் இருந்தது. பால் கொடுக்கக் குட்டியை வாங்கும்போதெல்லாம் கீழே தெரிந்த பாறை அவள் கண்ணை இழுத்தது. கை வழுக்கிவிட்டால்? நானே கையை விட்டுவிட்டால்? அப்படி ஓர் ஆசை அவளுக்குத் துளியும் இல்லை. ஆனால் அந்த எண்ணம் ஈயைப் போல விரட்ட விரட்ட வந்து உட்கார்ந்தது. பயந்து குட்டியை இறுக்குவாள். அது வலித்து அழும். 'நீ என்ன தாய்?' என்று உள்ளே ஒரு குரல் கேட்கும்.

ஏழாம் நாள் அண்ணி அகலமுகியிடம் வாய் திறந்தாள்.

"அண்ணி, பயமா இருக்கு. குட்டியைப் போட்டுடுவேனோன்னு தோணுது."

அகலமுகி மெல்லுவதை நிறுத்தவில்லை. "நான் நாலு பெத்தவ. ஒருநாள் இப்படி உளறினதில்ல. நல்லாத் தின்னு, சரியாப் போகும்."

"தின்ன முடியல அண்ணி."

"முடியலையா, கொழுப்பா?"

சொல்லிவிட்டு அவள் நேரே தலைவனிடம் போனாள். மாலையில் கூட்டம் கூடியது.

வெண்புருவன் உயரமான கிளையில் ஏறித் தொண்டையைச் செருமினான். அவன் ஒருநாளும் ஒரு குட்டியைத் தூக்கியதில்லை. அதனால் குட்டி வளர்ப்பைப் பற்றி நெடுநேரம் பேச அவனால் முடிந்தது.

"தாய்மை தெய்வம். தாய்மை தியாகம். பெற்றவளுக்கே குட்டியைக் கண்டு பயம் வருகிறது என்றால் என்ன பொருள்? பாசம் ஊறவில்லை என்று பொருள். ஏன் ஊறவில்லை? குட்டி அவளிடம் தங்குவதே இல்லை. ஆகவே இன்றுமுதல் குறுவாலியின் குட்டியை யாரும் தொடக் கூடாது. பாசம் ஊறும்வரை அவளே தனியாகச் சுமக்கட்டும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். தலையாட்டுவதில் அந்தக் கூட்டத்தை மிஞ்ச ஆளில்லை.

கடைசி மரத்திலிருந்து ஒரே ஒரு குரல் வந்தது. "பயப்படுறவளைத் தனியா விடலாமா?"

கேட்டவள் ஒற்றைக்காதி. மூன்று ஆண்டுகளுக்கு முன் அவள் குட்டி கிளையிலிருந்து விழுந்து செத்தது. அன்றுமுதல் அவள் மடியில் யாரும் குட்டியைக் கொடுப்பதில்லை.

"நீயா பேசுறே?" என்றாள் அகலமுகி. கூட்டம் சிரித்துக் கலைந்தது.

மறுநாள் குறுவாலியின் மார்பில் குட்டி தொங்கியது. சுற்றிலும் ஒருத்தியும் இல்லை. கிளைகள் எல்லாம் நேற்றைவிட உயரமாகத் தெரிந்தன. விழாமல் இருக்க ஒரு வழிதான் உண்டு என்று அவளுக்குப் பட்டது. விழ முடியாத இடத்துக்குப் போய்விடுவது. மெல்ல இறங்கித் தரையில் உட்கார்ந்தாள்.

"பைத்தியம் முத்திடுச்சு" என்று மேலே பேசிக்கொண்டார்கள்.

கரையில் சிறுத்தை உலவுவது குறுவாலிக்கும் தெரியும். ஆனால் சிறுத்தை வரலாம், வராமலும் போகலாம். அவள் கைகளோ எப்போதும் அவளோடுதான் இருந்தன.

சற்று நேரத்தில் ஒற்றைக்காதி இறங்கி வந்தாள். பின்னால் உட்கார்ந்து, சடைமுடியைப் பிரித்துப் பேன் பார்க்கத் தொடங்கினாள்.

"நீயும் என்னைப் பைத்தியம்னு சொல்லத்தான் வந்தியாக்கா?"

"இல்லடி. நீ ஏன் இறங்கினேன்னு எனக்குத் தெரியும். அன்னிக்கு எனக்கு இந்தப் புத்தி வரல. மேலேயே இருந்துட்டேன்."

குறுவாலி திரும்பிப் பார்த்தாள். "உனக்கும் அந்த எண்ணம் வந்துச்சா?"

"வந்துச்சு. யார்கிட்டயும் சொல்லல. பத்து நாள் தூங்காத கை, வழுக்கிடுச்சு."

"அப்போ நான் கெட்டவ இல்லையா?"

"இந்த ஏரியைப் பாரு. மழையில கரைமுட்ட நிக்கும். மதகைத் திறந்தா மளமளன்னு வடிஞ்சு, மீனெல்லாம் சேத்துல துடிக்கும். வயித்துல குட்டி இருக்கறப்ப நம்ம உடம்புக்குள்ள என்னென்னவோ சுரந்து நிறைஞ்சு நிக்குது. பெத்ததும் ஒரேயடியா வடியுது. சிலருக்கு மனசு அந்த மீனாத் துடிக்கும். இது குணமில்லடி, உடம்பு. ஏரியைக் கெட்டதுன்னு யாராவது சொல்வாங்களா?"

குறுவாலி அழுதாள். இத்தனை நாளில் முதல்முறையாக, அழுத பிறகு மூச்சு இறங்கியது.

அப்போது புதருக்குள் சருகு நொறுங்கியது.

"சிறுத்தை!" என்று மேலே காவலிருந்த மந்தி கத்தினாள்.

குறுவாலி எழுந்து மரத்தை அண்ணாந்து பார்த்தாள். "குட்டியோட என்னால ஏற முடியாதுக்கா."

"என்கிட்ட கொடு. நீ என் பின்னாலயே ஏறு."

"அவகிட்ட கொடுக்காதே! கொன்னுடுவா!" என்று அகலமுகி அலறினாள்.

குறுவாலி ஒற்றைக்காதியின் கையைப் பார்த்தாள். குட்டி பிறந்த நாளிலிருந்து அவளைத் தொட்ட ஒரே கை. குட்டியைக் கொடுத்தாள். இருவரும் பாய்ந்து ஏறினார்கள். சிறுத்தையின் நகம் குறுவாலியின் வால் நுனியைக் கீறியது. வால் குட்டையாக இருந்தது நல்லதாயிற்று.

இருவரும் மெல்லிய நுனிக்கிளைக்குப் போய்விட்டார்கள். சிறுத்தை நகத்தை நக்கிக்கொண்டு அண்ணாந்து பார்த்தது.

"வருத்தமில்லை, தலைவரே. உங்க சட்டம் எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. நுனிக்கிளைக்காரியைப் பிடிக்க வருஷக்கணக்கா நான் படாத பாடு படுறேன். நீங்க ஒரே தீர்ப்புல இறக்கிவிட்டுட்டீங்க. அடுத்து யாருக்குப் பிரசவம்?"

கேட்டுவிட்டு அது புதருக்குள் போயிற்று.

வெண்புருவன் தொண்டையைச் செருமினான். "பார்த்தீர்களா, தாய்மையின் வலிமையை..."

யாரும் தலையாட்டவில்லை.

அகலமுகி மெல்ல வந்தாள். பழக்கத்தில் அவள் கை குட்டியை நோக்கி நீண்டது. பாதியில் நின்றது. பிறகு குறுவாலியின் முதுகில் போய் அமர்ந்தது.

வெகுநேரம் பேன் பார்த்தபின் அவள் தாழ்ந்த குரலில் சொன்னாள். "மூணாவது குட்டிக்கு எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு."

"அப்புறம் ஏன் அண்ணி என்னை அப்படிப் பேசினீங்க?"

"என்னையும் அப்படித்தானே பேசினாங்க."

குறுவாலியின் பயம் அன்றே ஓடிவிடவில்லை. இரண்டு பௌர்ணமி ஆயிற்று. அதுவரை அவளைத் தூங்கவிட்டு, பக்கத்தில் ஒருத்தி மாறி ஒருத்தி விழித்திருந்தார்கள். ஒற்றைக்காதியும் கடைசி மரத்தை விட்டு வந்தாள். அதற்கடுத்த குட்டி அந்தக் கூட்டத்தில் பிறந்தபோது, முதலில் நீண்ட கைகள் தாயின் முதுகுக்குத்தான் போயின.

குட்டியைக் கொஞ்ச நாற்பது கை நீளும் இடத்தில் பெற்றவளைத் தாங்க ஒரு கையும் இல்லையென்றால், அங்கே தாய்மைக்குப் பாடும் புகழெல்லாம் சிறுத்தைக்கு வைக்கும் விருந்துதான்.