டீக்கோப்பையில் மையம் கொண்ட புயல்

கூழைமுனைக்காரர்களின் மூளையை யாரும் குறை சொன்னதில்லை. இருப்பதைத்தானே குறை சொல்ல முடியும்!

அந்தக் கடற்கரை ஊரில் டீக்கடை வைத்திருந்தவர் சூசைமரியான். விடிந்தால் மகளுக்குக் கல்யாணம். அந்த நேரம் பார்த்தா மாப்பிள்ளையின் தாய்மாமன் தொம்மைக்குக் கொடுத்த டீயில் சீனி இல்லாமல் போக வேண்டும்? "கல்யாணமும் வேண்டாம், கருமாதியும் வேண்டாம்" என்று அவர் துண்டை உதறிவிட்டார்.

விருந்துக்கு வந்திருந்த இங்கிலீஷ் வாத்தியார் சிரித்தார். "இதைத்தான் வெள்ளைக்காரன் 'டீக்கோப்பைக்குள்ளே புயல்'னு சொல்லுவான்."

அவ்வளவுதான். படகுகளையெல்லாம் கரையில் இழுத்துக் கட்டிவிட்டார்கள். துறைமுகத்தில் புயலுக்குக் கூண்டு ஏற்றுவார்களே, அது வேண்டுமே? கோழிக்கூண்டைக் கடைக்கம்பத்தில் ஏற்றினார்கள். கோழியை இறக்க நேரமில்லை.

வாத்தியார் பதறினார். "ஒண்ணுமில்லாததுக்கு ஊரைக் கூட்டுறதுன்னு அர்த்தம்யா!"

"கூட்டியாச்சு சார். அடுத்து என்ன செய்யணும்?" என்றான் படகுக்காரன் கஸ்பார். பிறகு கோப்பைக்குள் எட்டிப் பார்த்தான். "ஆடை கட்டியிருக்கு. மேகந்தான். கீழே கொட்டிருவமா?"

"பிள்ளைக நடமாடுத தெருவிலயா?" என்று சீறினான் அவன் கூட்டாளி மிக்கேல். "கரையைக் கடந்தாத்தாம்லே புயல் ஓயும். ரேடியோவுல கேட்டதில்லையா?"

"டீக்கு ஏதுவே கரை?" என்றான் கஸ்பார்.

எல்லாக் கண்களும் தொம்மையின் உதட்டுக்குப் போயின.

சூசைமரியான் கையெடுத்துக் கும்பிட்டார். "சம்பந்தி, உங்க வாய்தான் ஊரைக் காப்பாத்தணும்."

ஊரையே காப்பாற்றுவதென்றால் சும்மாவா? தொம்மை நெஞ்சை நிமிர்த்தினார். "சரி, ரெண்டு கரண்டி சீனி போடுங்க."

"ஐயோ அண்ணாச்சி, புயல் வலுத்துரும்!" என்றான் மிக்கேல்.

ஒரே மடக்கு. பிறகு ஓர் ஏப்பம் விட்டார் பாருங்கள், கடைக்கூரை அதிர்ந்தது.

"கடந்திருச்சு!" என்று ஊரே கைதட்டியது. தொம்மையின் கோபம் போன இடம் தெரியவில்லை. மறுநாள் கோயிலில் மணி அடித்து, கல்யாணம் அமர்க்களமாக முடிந்தது.

சாயங்காலம் கூண்டை இறக்கினார்கள். உள்ளே ஒரு முட்டை.

எல்லோரும் நாலடி பின்வாங்கினார்கள்.

"புயல் குட்டி போட்டிருக்கு," என்றான் கஸ்பார்.

அவிழ்த்த படகுகளைத் திரும்பக் கட்டினார்கள். ஓடு உடைந்தால் குட்டிப் புயலைக் கரை கடத்த ஆள் வேண்டுமே என்று, மூட்டை கட்டிய தொம்மையையும் ஊருக்கு விடவில்லை. இன்னும் அவர் சூசைமரியான் கடையில்தான் முட்டைக்குக் காவல் இருக்கிறார். வாய் பழக்கத்தில் இருக்கட்டும் என்று வேளாவேளைக்கு டீ கொடுக்கிறார்கள், சீனி போடாமல்.