ஆலா ஏன் கூடு கட்டுவதில்லை

அந்தக் காலத்தில் பறவைக்கும் நண்டுக்கும் மனிதருக்கும் ஒரே பேச்சுதான் இருந்தது. கடலுக்கு மேலே பறக்கிற ஆலா என்னும் வெள்ளைப் பறவை அப்போது கூடு கட்டித்தான் முட்டையிடும். புல்லை வளைத்து, நடுவில் தன் நெஞ்சுத் தூவியைப் பரப்பி, கிண்ணம் போலக் கட்டும். முட்டையும் பால் போல வெள்ளையாக இருக்கும்.

ஒரு நாள் வழி தவறிய பாய்மரத் தோணி ஒன்று கடலில் அலைந்துகொண்டிருந்தது. அதை ஓட்டியவன் சாத்தப்பன். கூடவே அவன் மனைவி வெள்ளச்சி, அவள் மடியில் கைக்குழந்தை, சாத்தப்பனின் தம்பிகள் இருவர். பானையில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. அழுதுகொண்டே இருந்த குழந்தை இப்போது அழவில்லை. அதுதான் வெள்ளச்சிக்குப் பயமாக இருந்தது.

தலைக்கு மேலே ஓர் ஆலா பறந்தாள்.

"தாயி, பக்கத்துல கரை இருக்கா? பிள்ளைக்குத் தொண்டை நனைக்கணும்" என்று வெள்ளச்சி அண்ணாந்து கேட்டாள்.

ஆலா சிறகைச் சாய்த்துத் தாழ இறங்கினாள். தோணியை ஒரு முறை சுற்றினாள். "தீவு இருக்கு. ஊற்றும் இருக்கு. ஆனா என் முட்டையும் அங்கதான் இருக்கு. முன்னால இட்டதெல்லாம் வீணாப்போச்சு, இது ஒண்ணுதான் தங்கியிருக்கு. யாரும் அதுல கை வைக்கக் கூடாது."

"வைக்க மாட்டோம். நானும் பிள்ளைக்காரிதானே" என்றாள் வெள்ளச்சி.

ஆலா முன்னே பறந்தாள். தோணி பின்னாலேயே போனது. வெயில் உச்சிக்கு வரும்போது தீவு தெரிந்தது. பாயை இறக்கித் தோணியைக் கட்டிவிட்டு எல்லோரும் மணலில் இறங்கினார்கள். மணல் காலைச் சுட்டது. கொஞ்ச தூரத்தில் தாழைப் புதர் அடர்ந்து கிடந்தது.

"பார்த்து நடங்க. என் வாசலை மிதிச்சுட்டீங்க" என்றது தாழை நிழலில் இருந்த நண்டு.

"இத்தனூண்டு வாசல் வச்சிருந்தா எவன் கண்ணுக்குத் தெரியும்?" என்றான் இளைய தம்பி.

புதருக்குப் பின்னால் ஈர மணலைத் தோண்டினார்கள். தண்ணீர் ஊறியது. இளையவன் முதலில் நக்கிப் பார்த்தான். "கரிக்கல மதினி. குடுங்க பிள்ளைக்கு."

வெள்ளச்சி முந்தானை நுனியை நனைத்துக் குழந்தையின் வாயில் பிழிந்தாள். நெடுநேரம் கழித்துக் குழந்தை வீறிட்டு அழுதது. அதைக் கேட்டு அவளும் அழுதாள். இனிப் பயமில்லை என்று ஆலா மீன் பிடிக்கப் போய்விட்டாள்.

அவள் போன பிறகு காற்று திரும்பியது. அலை எழும்பித் தோணியைப் பாறையில் மோத வைத்தது.

"மேல இழுங்கடா! இது உடைஞ்சா நாம இங்கேயேதான்" என்று சாத்தப்பன் கத்தினான்.

பாறைகளுக்கு நடுவே தோணி ஏறுகிற வழி ஒன்றுதான் இருந்தது. அந்த வழியின் நடுவில், வெட்டவெளி மேட்டில், ஆலாவின் கூடு இருந்தது.

"மச்சான், முட்டை!"

"தெரியுதுடி. என்னை என்ன செய்யச் சொல்ற?"

தோணி நெருங்கி வந்தது. வெள்ளச்சி குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு குனிந்தாள். கூட்டைக் கையில் எடுத்தாள். இந்த வெயிலிலா முட்டை கிடந்தது என்று அவளுக்கு மனசு கேட்கவில்லை. தாழை நிழலுக்குக் கொண்டுபோய்ப் பத்திரமாக வைத்தாள். பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

காற்று அடங்கியதும் ஆலா திரும்பினாள். கூடு இருந்த இடத்தில் தோணி இருந்தது.

"எங்கே?"

வெள்ளச்சி தாழையடிக்குக் கூட்டிப் போனாள். கூடு வைத்தபடியே இருந்தது. உள்ளே வெள்ளை ஓடு மட்டும் நொறுங்கிக் கிடந்தது. பக்கத்தில் நண்டு கொடுக்கைத் துடைத்துக்கொண்டிருந்தது.

"வெயில்ல இருந்த வரைக்கும் நான் கிட்டப் போனேனா? என் வாசல்லயே கொண்டாந்து வச்சா நான் என்ன செய்வேன்?" என்றது நண்டு.

"சுடுதேன்னு நிழல்ல வச்சேன் தாயி" என்றாள் வெள்ளச்சி.

"உன் பிள்ளைக்குத்தான் நிழல் வேணும். என் பிள்ளைக்கு அந்தச் சூடுதான் காவல்."

ஆலா சாபம் விடவில்லை. சுடுமணலில் விழுந்து புரண்டாள். மணலின் நிறமும் புள்ளிகளும் அவள் வயிற்றுக்குள் இறங்கும்வரை புரண்டாள். எழுந்தபோது, "கண்ணுக்குத் தெரிஞ்சதாலதானே கை நீண்டுச்சு. இனி கூடே வேண்டாம்" என்றாள். மனிதரிடம் அவள் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

அன்று முதல்தான் ஆலா கூடு கட்டாமல் வெறும் மணலில், மணலின் நிறத்திலேயே புள்ளி போட்ட முட்டையிடுகிறது. தீவில் இறங்குகிறவர்களின் தலைக்கு மேல் அது கத்திக்கொண்டு சுற்றினால், விவரம் தெரிந்தவர்கள் தூக்கிய காலை அப்படியே நிறுத்திக் கீழே பார்க்கிறார்கள்.