இரண்டு நடை

தெற்கே, காற்றாடிகள் சுற்றும் பொட்டல் ஒன்றில் சூரிய மின்தகடு செய்கிற தொழிற்சாலை இருந்தது. அங்கே தகடு சுடுகிற அடுப்பு வேலை சொல்லிக்கொடுப்பவள் எஸ்தர். வயது முப்பத்து மூன்று. எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

அவளிடம் கற்றவர்களில் வயதில் பெரியவர் குணாளன். பிஸ்கட் கம்பெனியை விட்டுவிட்டு ஐம்பது வயதில் வந்தவர். ஆறு மாதம் அவள் பின்னாலேயே நின்று தொழில் படித்தார். இப்போது லைன் மேனேஜர் அவர்தான். ஆனாலும் ஒன்று தெரியவில்லை என்றால் டீச்சரிடம்தான் வருவார்.

அவருக்கு ஒரு பழக்கம். இரண்டு வேலையைப் பார்த்துவிட்டால் ஒன்றாக்காமல் தூக்கம் வராது.

தகட்டின் மேல் வெள்ளிப் பசையால் கோடு கோடாக அச்சடிப்பார்கள். முன்பெல்லாம் அதை ஒரு பெட்டியில் காயவைத்து, பிறகு வேறோர் அடுப்பில் சுட்டு எடுப்பார்கள். குணாளன் இரண்டையும் ஒரே அடுப்பில் சேர்த்தார். முன்பாதியில் இளஞ்சூடு, பின்பாதியில் பெருஞ்சூடு, நடுவில் நிற்காமல் ஓடும் ஒரே பெல்ட். நன்றாகத்தான் ஓடியது. மேலிடத்திலிருந்து வந்தவர்கள் கை தட்டிவிட்டுப் போனார்கள்.

அன்று காலை ஒன்பதரை மணிக்குப் பார்த்தால், அடுப்பிலிருந்து வந்த தகடெல்லாம் குமிழி. கோடுகள் அம்மைத் தழும்பு போல வெடித்துக் கிடந்தன. குணாளன் ஓடினார். அச்சு மெஷின் முன்னால் நாற்காலி காலியாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் பேச்சியம்மாள் வந்தாள்.

"எங்க போன?"

"பால் எடுக்கப் போனேன் சார்."

வீட்டில் ஏழு மாதப் பிள்ளை. அதற்காகப் பீய்ச்சிய தாய்ப்பால் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கையில் வைத்திருந்தாள்.

"இங்க நானூறு தகடு நாசமாப் போச்சு. நீ பாட்டுக்கு ஆடி அசைஞ்சு வார."

"சார், நான் போறதுக்கு முந்தியே பாத்தேன். ஈரம் போகாம..."

"பேசாத. கோட்டைக் கழட்டி வச்சுட்டு வெளிய போ."

நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் வெள்ளைக் கோட்டைக் கழற்றினாள். மடித்து நாற்காலி மேல் வைத்தாள். பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். லைனை நிறுத்திவிட்டார்கள்.

ஊருக்குப் போகிற கம்பெனி பஸ் இரண்டரைக்குத்தான். அதுவரை அவள் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஒரு மணிக்குக் குணாளன் டீச்சரிடம் வந்தார். பேச்சியம்மாளை வேலையைவிட்டு நிறுத்துகிற கடிதம் கையில் இருந்தது. இரண்டு மணிக்குள் ஆபீசுக்குக் கொடுத்துவிட்டால் முடிந்தது.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"அச்சடிக்கதையும் செக் பண்ணுததையும் ஒண்ணாக்கிரலாம்னு பாக்கேன். மேல ஒரு கேமரா வச்சாப் போதும். ஆளு இருந்தாத்தான எந்திரிச்சுப் போகும்? எதையெல்லாம் ஒண்ணாக்கலாம், எதை ஒண்ணாக்கக் கூடாது, நீங்க சொல்லுங்க."

எஸ்தர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. காலையில் நடந்தது அவள் காதுக்கும் வந்திருந்தது.

"லைனுக்கு வாங்க" என்றாள்.

போய், நாற்காலி மேல் இருந்த கோட்டை எடுத்து ஓரமாக வைத்தாள். பேச்சியம்மாள் இடத்தில் உட்கார்ந்தாள். ஒரு தகட்டை வைத்தாள். அச்சடித்தாள்.

"பெல்ட் காலையில என்ன வேகத்துல ஓடுச்சு?"

"ஒம்பது மணிக்குக் கொஞ்சம் கூட்டினேன். மாசக் கடைசி பாருங்க."

"அதே வேகத்துல ஓட விடுங்க."

தகடு அடுப்புக்குள் போனது. மறுபக்கம் வந்ததைக் குணாளனே எடுத்துக்கொண்டு வந்தார். குமிழி.

"நான் எந்திரிச்சேனா?" என்று கேட்டாள் எஸ்தர்.

"இல்ல டீச்சர்."

"பால் எடுக்கப் போனேனா?"

அவர் தகட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"எனக்கும் ஒரு லெட்டர் எழுதுங்க."

பக்கத்து மெஷினில் இருந்த பெண்கள் குனிந்துகொண்டார்கள். ஒருத்தி சிரிப்பை அடக்கியது தோளில் தெரிந்தது.

எஸ்தர் இன்னொரு தகட்டை அச்சடித்தாள். "இப்ப பழைய வேகம் வைங்க."

பெல்ட் மெதுவாக ஓடியது. தகடு சுத்தமாக வந்தது. முடி கனத்தில் கோடுகள், ஒன்றுகூட வெடிக்கவில்லை.

குணாளன் இரண்டு தகட்டையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"பசை காயுததுக்கு முந்தியே பெருஞ்சூட்டுக்குள்ள போயிருக்கு" என்றார்.

"அவ என்ன சொன்னா?"

"யாரு?"

"இந்த நாற்காலிக்காரி."

"ஈரம்னு என்னமோ ஆரம்பிச்சா."

"என்னமோன்னா?"

"முழுசாக் கேக்கல."

"ஏன் கேக்கல?"

"கோவம் டீச்சர். நானூறு தகடு. லைன் ஓடும்போது எந்திரிச்சுப் போனா கோவம் வராதா?"

எஸ்தர் எழுந்தாள். அவள் குரல் உயரவில்லை.

"இவளுகளுக்கு டீக்குப் பத்து நிமிஷம் இருந்துச்சு. பிள்ளைக்காரிகளுக்குப் பாலுக்குப் பத்து நிமிஷம் தனியா இருந்துச்சு. ரெண்டையும் ஒண்ணாக்கினது யாரு?"

"அது போன மாசம்..."

"யாருன்னு கேட்டேன்."

"நான்தான்."

"அந்தப் பத்து நிமிஷமும் பாலுக்கே போயிருது. அவ டீ குடிச்சு ஒரு மாசம் ஆச்சு. தெரியுமா உங்களுக்கு?"

குணாளனுக்கு முகம் சிவந்துவிட்டது. இரண்டு தகட்டையும் மேஜை மேல் வைத்தார்.

"போதும் டீச்சர். வயசுல பெரியவன்னுகூடப் பாக்காம நாலு பேருக்கு முன்னால நிக்க வச்சுக் கேக்கீங்க."

"நாலு பேருதான். அவளை நாப்பது பேருக்கு முன்னால கோட்டைக் கழட்டச் சொன்னீங்க. அவளுக்கு என்ன வயசுன்னு பாத்தீங்களா?"



குணாளன் கடிதத்தை எடுத்தார். நாலாகக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சுவரில் மணி பார்த்தார். ஒன்றரை.

"தப்பு என்னுதுதான்" என்றார். அதைச் சொல்ல அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. சொன்ன பிறகு பழைய சுறுசுறுப்பு வந்துவிட்டது. "வேகத்தை இப்படியே வச்சுருதேன். டீ டைமைப் பழையபடி மாத்திருதேன். பேச்சியம்மா கேட்டுக்கு வெளியதான இருக்கா?"

"காலையில இருந்து அங்கதான் இருக்கா."

"இந்தா, போகுதேன்."

ஓரமாக இருந்த வெள்ளைக் கோட்டை எடுத்துக் கையில் போட்டுக்கொண்டார்.

"கேட்டு அரைக் கிலோமீட்டரு. வெயிலு வேற கொளுத்துது. மன்னிப்பும் கேட்டுட்டு, கோட்டையும் கையில குடுத்து, அப்படியே லைனுக்குக் கூட்டிட்டு வந்துருதேன். ரெண்டு வேலையும் ஒரே நடையில முடிஞ்சுரும்."

எஸ்தர் அவர் கையிலிருந்த கோட்டை வாங்கிக்கொண்டாள்.

"ரெண்டு நடை போங்க" என்றாள்.