மூன்று முறை கூப்பிட்டால்

"சாமி, கோர்ட்டே என்னை உட்டுருச்சுங்க. என் சம்சாரம் உட மாட்டேங்கறா!"

மலையேறி வந்த மூச்சிரைப்போடு சொன்னார் மருதாசலம். கையில் தீர்ப்பு நகல். லேமினேஷன் வேறு போட்டிருந்தார், மகராசன்!

சாமியார் அதை வாங்கி விசிறிக்கொண்டார். காவி கட்டுமுன் அவர் கோர்ட் டவாலி. வராண்டாவில் நின்று ஒவ்வொரு பெயரையும் மூன்று முறை கூப்பிட்டே முப்பது வருஷம் தொண்டையைத் தேய்த்தவர்.

"என்ன கேசு?"

"பக்கத்துத் தோட்டத்து நாச்சிமுத்து சேவலைத் திருடித் தின்னுட்டேனாமுங்க. அபாண்டம்! ஆறு வருசம் வாய்தா வாய்தான்னு அலைஞ்சேன். இப்பல்லாம் பஸ்ல கண்டக்டர் சத்தம் போட்டாலே 'ஆஜருங்க'ன்னு எந்திரிச்சு நின்னுடறேன்."

"தீர்ப்பு?"

"சந்தேகத்தின் பலனைக் குடுத்து விடுதலைங்க."

"அப்புறமென்ன?"

"அந்தச் சந்தேகம் இப்ப எங்க ஊட்டுக்கு வந்துருச்சுங்க."

வாசல் பாறையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள் அவர் மனைவி பாவாயி. திரும்பாமலே பேசினாள்.

"சந்தையில வாங்குனதுன்னு கொண்டாந்து குடுத்தாருங்க. நம்பிக் குழம்பு வெச்சேன். சாட்சிக் கூண்டுல ஏறி அதையேதான் சத்தியம் பண்ணிச் சொன்னேன். நான் சொன்னது நெசமா, பொய்யா? அது தெரியற வரைக்கும் எங்கம்மா ஊட்டுலதான் இருப்பேன்."

மருதாசலம் குறுக்கே புகுந்தார்.

"மூணு மாசமா இதே பாட்டுங்க! நீங்களாச்சும் ஒரு தீர்ப்பு சொல்லுங்க சாமி."

"நான் என்ன ஜட்ஜா? டவாலிக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான்."

சாமியார் எழுந்தார். வேட்டியை இறுக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். வாயருகே கையைக் குவித்தார்.

"சேவலைத் திருடினவர்ர்ர்!"

மரத்துக் காக்காயெல்லாம் பறந்து போயின.

"சேவலைத் திருடினவர்ர்ர்!"

மருதாசலம் தோள் துண்டை அவசரமாக எடுத்துக் கக்கத்தில் இடுக்கினார்.

"சேவலைத் திருடினவர்ர்ர்!"

"ஆஜருங்க ஐயா!"

கும்பிட்ட கை கும்பிட்டபடி நின்றது. அப்புறம்தான் நாக்கைக் கடித்தார். கடித்து என்ன பிரயோசனம்?

பாவாயி திரும்பி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மஞ்சப்பையை எடுத்துக்கொண்டாள்.

"இந்த ஒத்தை வார்த்தைக்கு ஆறு வருசமா? நடங்க ஊட்டுக்கு. போற வழியில சந்தையில ஒரு சேவல் வாங்கோணும்."

மருதாசலத்துக்குப் போன உயிர் வந்தது. நாக்கிலும் கொஞ்சம் ஊறியது.

"குழம்புக்குங்களா?"

"நாச்சிமுத்தண்ணனுக்கு."